ஊற்று தூங்கிய காலை

பதினொன்றாம் எண் இடத்தைக் கேட்டு அந்த மனிதர் மறுபடி வந்தால், வந்த அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று பதிவக்கா பதினான்கு மாதமாக முடிவு செய்து வைத்திருந்தாள். வர மாட்டார் என்ற தைரியத்தில் செய்த முடிவு அது. மனைவியை விழுங்கிய தண்ணீரைப் பார்க்க யார் மறுபடி கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

வந்துவிட்டார்.

முகாம் வாசலில் இருக்கும் பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். ஒரு மேசை, ஒரு சன்னல், ஆட்கள் முழங்கை ஊன்றி ஊன்றி வார்னிஷ் போன ஒரு பலகை. சுவரில் காட்டின் வரைபடம். கூடாரம் போடும் இடங்களுக்கு ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை எண் எழுதி வட்டம் போட்டிருக்கும். நடுவில் நீலப் பொட்டாக ஊற்று. மேசைமேல் தொலைபேசி, வாக்கி டாக்கி, காட்டு ஈரத்தில் பக்கம் பக்கமாக ஊதிப்போன பதிவேடு. பதினேழு வருடமாக அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்ததில் அவள் பெயரே பதிவக்கா ஆகிவிட்டது. கட்டிய புருஷனே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான்.

அன்று மதியம் சன்னலில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. தகப்பன்காரர் தொப்பியைக் கழற்றாமலே பேசினார்.

"எறும்பு இல்லாத எடமாப் பாத்துக் குடுங்க மேடம்."

"எறும்புகிட்டேருந்துதான் சார் நாங்களே எடத்தை வாங்கி உங்களுக்கு விடறோம். நீங்க ரெண்டு நாள்ல கிளம்பிடுவீங்க. அதுங்க எங்க போகும்?"

அவர் மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். "வீட்டுல அதட்டறது பத்தாதுன்னு எறும்பை அதட்ட இத்தனை தூரம் வந்திருக்காரு, அக்கா."

பதிவக்காவும் சிரித்தாள். சிரித்த முகத்தோடு நிமிர்ந்தபோது, தொப்பிக்காரருக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். அதே பச்சைத் துணிப்பை தோளில். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வலது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, தலையை ஒருக்களித்து வைத்திருக்கும் அந்த நிற்பு மட்டும் மாறவில்லை. பதிவக்காவுக்குத் தன் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

குடும்பம் நகர்ந்தது. அவர் சன்னலுக்கு வந்தார்.

"பதினொண்ணு காலியா இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"இன்னிக்கு ஒரு நாளுக்கு மட்டும் போதும். நாளைக்குக் காலைல கிளம்பிடுவேன். ஒரே ஆள்தான்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் தொப்பிக்காரர் திரும்பி வந்து குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொல்லி அனுப்பினாள். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, பதிவேட்டின் மடிப்பில் ஒழுங்காக வைத்துவிட்டு நடந்துவிட்டார். காட்டுப்பாதையில் பச்சைப் பை மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்து தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் காது கேட்காததைத்தான் அவள் ஒருநாள் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஊற்றோடு வருடக்கணக்கில் பழகுகிறவர்கள் அதை வீட்டு ஆளாக்கிக்கொண்டுவிடுவார்கள். தண்ணீர் தெளிந்து நீலம் பாரித்தால் "இன்னிக்கு ஊத்து குஷியா இருக்கு" என்பார்கள். மழைக்குப் பிறகு கலங்கினால் "மொறைக்குது". குளத்தின் அடியில், இரண்டு ஆள் ஆழத்தில், பாறைக்குள் ஒரு வாய் இருக்கிறது. நாள் முழுக்க அதிலிருந்து தண்ணீர் பொங்கும். அடியில் வெள்ளை மணல் உலை கொதிக்கிற மாதிரி துள்ளிக்கொண்டே இருக்கும். பொங்கிய தண்ணீர் ஒரு சின்னக் கால்வாய் வழியாகக் கூப்பிடு தூரத்தில் ஓடும் ஆற்றில் போய்ச் சேரும். ஆற்றின் மேல்பக்கம் எங்கேயோ பெருமழை கொட்டி ஆறு ஏறினால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் எதிரேறி வரும். ஊற்று பொங்குவதை நிறுத்திவிட்டு, அந்த வாய் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்.

அந்த ஆற்றுக் கலங்கல் வந்து சேரும்வரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், குளம் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடக்கும். மணல் துள்ளாது. சத்தம் இருக்காது. ஓர் இலை விழுந்தால் விழுந்த இடத்தில் நின்று யோசித்துவிட்டு, பிறகு யாரும் கவனிக்காத வேகத்தில் நடுப்பக்கமாக நகரும். வேறு எந்த நாளும் அந்தக் குளம் அவ்வளவு அழகாக இருக்காது. அதைத்தான் முகாம் ஆட்கள் "ஊத்து தூங்குது" என்பார்கள். முதலில் யார் சொன்னதோ. தூங்குகிற மிருகத்தின் பக்கத்தில் போகாதே என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் காதில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். சிவப்புக் கொடியைப் போடு, ஒருத்தரையும் இறக்காதே. வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால்தான் அவரும் மனைவியும் முதல்முதலாக வந்திருந்தார்கள். அவர் ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். அவள் அதே அச்சகத்தில் நோட்டு தைத்துப் பசை போடும் பிரிவு. முப்பது வருட இரைச்சலில் அவருடைய இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது பாதி. மனைவி அதை ஒளித்து மறைக்கவில்லை. சன்னலுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்.

"இவரு அரைக்காதுங்க. உப்பு கேட்டா சீப்பு கொண்டாந்து குடுப்பாரு. எதுவா இருந்தாலும் இவருகிட்டச் சொல்லிட்டு எங்கிட்டயும் ஒருவாட்டி சொல்லிடுங்க, அக்கா."

"சீப்புன்னுதான் கேட்டா. இப்ப உங்க முன்னாடி மாத்தறா," என்றார் அவர்.

"பாத்தீங்களா! இந்த மாதிரி விஷயம்னா மட்டும் நல்லாக் கேக்கும்."

வரும் வழியிலேயே அவள் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "அம்மாடி, என்னங்க அது அப்படிக் கொதிக்குது! நான் காலை வெக்க மாட்டேன். என்னிக்காவது அடங்கினா சொல்லுங்க, எறங்கறேன்."

மறுநாள் காலை முகாமில் நல்ல வெயில். மழை ஆற்றின் மேல்பக்கம்தான் பெய்திருந்தது. ஒன்பது மணி இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை தொலைபேசியில் வந்தாள்; நாற்பது பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் வாக்கி டாக்கி கரகரத்தது. பதிவக்காவின் புருஷன்தான். குளத்தின் நீச்சல் காவலன்; முகாம் முழுக்க அவனுக்குத் தவளை என்று பெயர்.

"ஊத்து தூங்குது. கொடி ஸ்டோர்ல இருக்கு, கிழிஞ்சதுன்னு தைக்கக் குடுத்தது. எடுத்துட்டு வந்துடறேன்."

"சரி," என்றாள். காதில் தலைமையாசிரியை.

அப்போதுதான் அச்சகக்காரர் சன்னலில் வந்து நின்றார். கூடாரத்துக்கு ஒரு முளைக்குச்சி குறைகிறது என்றார். எடுத்துக் கொடுத்தாள். "தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "தூங்கிட்டிருக்கு சார்."

சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கானது இல்லை. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை, "பிள்ளைங்க கிடக்கட்டும், எங்க வாத்தியாருங்களுக்குத்தான் முதல்ல தாழ்ப்பாள் வேணும்" என்றாள். அதற்கு வந்த சிரிப்பு. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். குளம் மூடியிருக்கிறது என்று ஓர் ஆளுக்குச் சொல்லிவிட்ட திருப்தியோடு அவள் தாழ்ப்பாள் பேச்சுக்குத் திரும்பினாள்.

அவர் நேராகப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "அடங்கிடுச்சாம். வா, எறங்கலாம்."

தவளை ஸ்டோருக்குப் போய் வந்தது எட்டு நிமிடம். கொடியோடு வரும்போது அவர் படிக்கட்டில் நின்று குளத்தைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விளையாடுகிறாள் என்ற நினைப்பில், பாதி சிரித்தபடி. பாறைத் திட்டில் இடுப்பளவில் நின்றவள் தலை நனைய ஒருமுறை முங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். தவளை மூன்று தடவை உள்ளே போனான். மூன்றாவது தடவை கொண்டுவந்தான். அதற்குப் பிறகு அவன் தண்ணீரில் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் முகாம் அதிகாரி தன் அறையில் பதிவக்காவை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதினார். நல்ல மனிதர். அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். இரண்டு விரலால் தட்டச்சு செய்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவரு கேட்டப்ப, கொளம் மூடியிருக்குன்னுதான் சொல்லியிருப்பீங்க. இல்லையாம்மா?"

சொன்னீர்களா என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்று அவள் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள். சொல்லியிருப்பீர்கள் என்றார். சொல்லியிருக்க வேண்டியதுதானே. வெளியே மரத்தடியில் தவளை, இரண்டு கையையும் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மூன்று நாளாக உட்கார்ந்திருந்தான். கொடியை ஏன் தைக்கக் கொடுத்தாய், மாற்றுக்கொடி எங்கே என்று அவனைக் கேட்டு முடித்திருந்தார்கள். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். விசைகள் டக் டக்கென்று விழுந்தன. அந்தத் தலையாட்டல் தாளில் ஏறிவிட்டது.

பிறகு அச்சகக்காரரை உள்ளே கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார்கள். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "தூங்கிட்டிருக்குன்னு கேட்ட மாதிரி இருந்துச்சே," என்றார். பதிவக்கா தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்லக் கையை உயர்த்தித் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேறொருவரின் காதைத் தொடுகிற மாதிரி.

"அப்படியா," என்றார்.

பதினான்கு மாதமாக அந்தக் கைதான் அவளை உட்காரவிடாமல் செய்தது.

அவர் மறுபடி வந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தவளை வாசலில் உட்கார்ந்து ஒரு குழாயின் முனையை அறுத்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு முகாமின் குழாய்களும் ஜெனரேட்டரும்தான் வேலை. ஆறு மாதத்தில் எட்டுக் குளியலறைக்கும் புதுக்குழாய் போட்டுவிட்டான். ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றி மாட்டுவான்.

"அவரு வந்திருக்காரு," என்றாள்.

"யாரு?"

"பதினொண்ணு."

ரம்பம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. வெட்டுப்பட்ட துண்டு தரையில் விழுந்து உருண்டு நின்றது.

"அவருகிட்டச் சொல்லிடப்போறேங்க."

"சொல்லி?"

"அவரு தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டிருக்காரு. அவரு போடலை, நான்தானே தூக்கி அவரு மேல போட்டேன்."

"சொன்னா அவ எந்திரிச்சு வந்துடுவாளா?"

"மாட்டா."

"உன் வேலை போகும்."

"போகட்டும்."

"என்னைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவெச்சுக் கேப்பாங்க."

அவன் அறுத்த முனையை விரலால் தடவிப் பார்த்தான், பிசிர் இருந்தது. அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தான்.

"கேக்கட்டும். நீ சொல்லிடு," என்றான். "தூக்கத்துல நீ என்ன பேசறேன்னு உனக்குத் தெரியுமா? மூடியிருக்கு சார், மூடியிருக்கு சார்னு. ஒரு நாள் விடாம. பக்கத்துல படுத்துக்கிட்டு நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பி என்ன சொல்றது?"

பேசாமல் இருப்பது அந்த வீட்டில் சமையல், துவையல் மாதிரி ஓர் அன்றாட வேலையாகியிருந்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் செய்வார்.

காலை ஏழு மணிக்குப் பதிவு அறையைத் திறக்காமலே அவள் காட்டுப்பாதையில் நடந்தாள். ஊற்றைத் தாண்டித்தான் பதினொன்றுக்குப் போக வேண்டும். குளம் பொங்கிக்கொண்டிருந்தது. மணல் துள்ளியது. மேலே கிளைகளில் பாசி சடை சடையாகத் தொங்க, இலைகளிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது. எறும்புக்காரர் குடும்பம் அதற்குள் படியில் வந்து கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. "எல்லாரும் பாத்துக்குங்க, அப்பா குதிக்கப் போறாரு, கொளத்துல பாதித் தண்ணி காலி," என்று அந்த அம்மாள் கத்தினாள்.

அச்சகக்காரர் கூடாரத்தின் முன்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையைக் கட்டி முடித்துவிட்டார். கூடாரம் மட்டும்தான் பாக்கி. அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கம்மா. நானே வந்து பாத்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"என்னையா சார்?"

"உங்களைத்தான். அன்னிக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டேன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. என் காதாலதான் உங்க ரெண்டு பேருக்கும் இவ்வளவு தொந்தரவு. உங்க வீட்டுக்காரரு மூணு தடவை உள்ள போனாரே, அவரை நான் ஒரு நாளும் மறக்க மாட்டேன்."

அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது வரிசையாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடக் கையில் சிக்கவில்லை.

"வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஒரே பொண்ணு. பேசறதில்லை." சாதாரணமாகத்தான் சொன்னார். "அவளைச் சொல்லிக் குத்தமில்லை. 'காது கேக்காதுன்னு தெரியும்ல? ஒருவாட்டி திருப்பிக் கேட்டா வாய் தேஞ்சா போகும்?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. நியாயமான கேள்விதானே. பதில் இருந்தாத்தானே சொல்றதுக்கு. போன மாசம் அவளுக்குக் குழந்தை பொறந்திருக்கு. வேற ஆளுங்க சொல்லித்தான் தெரியும்."

அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்தாள். அவ்வளவு பக்கத்தில் இதுவரை நின்றதில்லை. அவர் காது மடலில் நரைத்த மயிர் இருந்தது.

"சார். அன்னிக்கு நான் மூடியிருக்குன்னு சொல்லலை."

"என்னம்மா?"

"மூடியிருக்குன்னு நான் சொல்லவே இல்லை. தூங்கிட்டிருக்குன்னுதான் சொன்னேன். நீங்க கேட்டது சரி. உங்க காது சரியாத்தான் கேட்டுச்சு."

அவர் அவளையே பார்த்தார். பதிவக்கா நிறுத்தினால் இனி வாழ்நாளில் வராது என்று பயந்தவள்போலக் கொட்டினாள். ஊற்று தூங்குது என்றால் முகாம் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னாள். தொலைபேசி, தாழ்ப்பாள், சிரித்தது, அதிகாரி கேட்டது, தான் தலையாட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க மனைவி முந்தின நாளே கேட்டுக்கிட்டாங்க, எங்கிட்டயும் ஒருவாட்டி சொல்லுங்கன்னு. அதையும் நான் செய்யலை," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

அவர் முழுவதையும் கேட்டார். ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. குளத்துப் பக்கமிருந்து யாரோ குதிக்கிற சத்தமும் சிரிப்பும் வந்தன.

பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு கனிவு வந்தது.

"உங்க மனசு யாருக்கு வரும்மா," என்றார்.

"மனசு இல்ல சார், நடந்ததைச் சொல்றேன்."

"எங்க மொதலாளி கூட இப்படித்தான். மிஷின் சத்தத்துல யாருக்கு வேணும்னாலும் அப்படிக் கேட்டிருக்கும்பாரு. மிஷின் எங்க இருந்துச்சு, காட்டுல? எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்லிப் பாக்கறாங்க. நீங்க எல்லாரையும் விட ஒரு படி மேல போய், பழியைத் தூக்கி உங்க தலையிலயே வெச்சுக்க வந்துட்டீங்க."

"சார், சத்தியமா சொல்றேன்."

"சத்தியம் எல்லாம் பண்ணாதீங்கம்மா, எனக்காக." அவர் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். "நான் டாக்டர்கிட்டப் போய்க் காதைச் சோதிச்சுப் பாத்துட்டேன். உங்க வாக்குமூலத்தோட நகலும் எங்கிட்ட இருக்கு. எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு நெனைக்கறீங்க? மூடியிருக்கு, தூங்கிட்டிருக்கு. சொல்லிப் பாருங்க. என் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மொதல்ல எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. படிக்கப் படிக்க ஞாபகம் வந்துடுச்சு. நீங்க போனை இப்படிக் கையால பொத்திக்கிட்டு 'மூடியிருக்கு சார்'னு சொன்னது இப்பக் கண்ணு முன்னாடி நிக்குது. உங்க வாய் அசையறதுகூடத் தெரியுது."

அவள் வாய் அப்படி அசைந்ததே இல்லை. பொய்யை அவள் ஒரு தாளில்தான் வைத்தாள் என்று நினைத்திருந்தாள். அது அவருடைய கண்ணுக்குள் போய்க் குடியேறி, அவளுடைய முகத்தையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உங்க பொண்ணுகிட்ட நான் வந்து சொல்றேன் சார். இன்னிக்கே வரேன். அதிகாரிகிட்டயும் எழுதிக் குடுக்கறேன்."

"ஐயோ, வேண்டாம்." முதல்முறையாக அவர் குரல் கடுத்தது. "அவகிட்டப் போயிடாதீங்க. ஒரு பொம்பளையைப் பிடிச்சுப் பொய் சொல்ல அனுப்பிட்டாரு பாருன்னுதான் நெனைப்பா. என்னைக்காவது ஒருநாள் அவ கதவைத் திறப்பாங்கற நெனைப்புலதான் நான் இருக்கேன். அதையும் சாத்திடாதீங்கம்மா."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

அதை அவரிடம் கேட்டாளா, வேறு யாரிடமாவது கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஏதோ ஒரு பழைய வேலை விஷயத்தைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"எங்க தொழில்ல ஒண்ணு உண்டும்மா. அச்சு ஏறுறதுக்கு முன்னாடி நூறு திருத்தம் போடலாம். ஏறினதுக்கு அப்புறம் கடைசிப் பக்கத்துல பிழை திருத்தம்னு ஒரு துண்டுத்தாளை ஒட்டுவோம். நானும் முப்பது வருஷமா ஒட்டறேன். அதை ஒருத்தர் படிச்சு நான் பாத்ததில்லை."

எழுந்து கூடாரத்தின் முளைக்குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் மண் துடைத்துப் பைக்குள் போட்டார். துணி மெல்லக் காற்றிறங்கித் தரையில் படுத்தது. பனியில் நனைந்து கனத்திருந்தது. அவர் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை மண்ணில் இழுபட்டது. இரண்டு ஆள் மடிக்க வேண்டிய துணி.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்கம்மா," என்றார்.

அவள் குனிந்து பிடித்தாள். இரண்டு முனைகளையும் இழுத்து விறைப்பாக்கினார்கள். உதறினார்கள். ஈரம் முகத்தில் தெறித்தது. அவர் அவளை நோக்கி நடந்து வந்து தன் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மறுபடி இழுத்தார்கள். மறுபடி வந்தார். ஒவ்வொரு முறை அவர் முகம் பக்கத்தில் வரும்போதும் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். பதினான்கு மாதம் சுமந்த உண்மை. அவள் இறக்கி வைத்துவிட்டாள், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

துணி ஒரு தலையணை அளவுக்குச் சுருங்கியது. அவர் அதைப் பைக்குள் அழுத்தி வார் போட்டு இறுக்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"வருஷத்துக்கு ஒருவாட்டி வரலாம்னு இருக்கேன். அவ போன எடத்துக்கே வந்து அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனா மனசுக்குக் கொஞ்சம் பரவாயில்லையா இருக்கு. இதே எடத்தைக் குடுப்பீங்களா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் தலையை ஒருக்களித்து, வலது காதை அவள் பக்கம் கொண்டுவந்தார். அவள் சொல்லப்போவதை ஓர் எழுத்துக்கூடத் தவறவிடக் கூடாது என்கிறவர் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"குடுக்கறேன் சார்," என்றாள்.

"குடுக்கறேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

அவர் தலையாட்டிவிட்டு ஊற்றுப் பக்கமாக நடந்தார். படிக்கட்டு வந்ததும் கொஞ்ச நேரம் நின்றார். உதடுகள் அசைந்தன. பிறகு காட்டுப்பாதையில் திரும்பினார். கூடாரம் இருந்த இடத்தில் புல் நசுங்கிச் சதுரமாகக் கிடந்தது. பதிவக்கா அதன் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். பதிவு அறைச் சன்னலில் யாரோ தட்டுவது இவ்வளவு தூரம் கேட்டது. தட்டி ஓய்ந்து, மறுபடி தட்டினார்கள். அவள் போகவில்லை.